சுவத்துக்குத் தட்டைக் காட்டுற பொண்ணு

நாராயணவனம்
12-2-59

சௌபாக்கியவதி தங்கை சுந்தரிக்கு அண்ணன் செங்கல்வராயன் ஆசீர்வாதம் பண்ணி எழுதிக்கொண்டது. இங்கு நான், உன் அண்ணி ரத்தினம்மா, உன் பொண்ணு தாட்சாயணி, மாடு ரெண்டு, எல்லோரும் சுகம். அதில் ஒரு மாட்டுக்கு மட்டும் என் மேல் கொஞ்சம் கோபம். நீ சித்தூர் ஆஸ்பத்திரியில் வேளாவேளைக்கு மருந்து சாப்பிட்டு, மார்ச்சளி இறங்கி, சீக்கிரம் வீடு வந்து சேர பெருமாளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

நிற்க. ஒரு விஷயத்தை முதலில் ஒத்துக்கொண்டு விடுகிறேன். போன மூணு கடுதாசியிலும் "குழந்தை தினமும் அம்மா அம்மா என்று அழுகிறாள்" என்று எழுதினேன் அல்லவா, அது பொய். மூணிலும் ஒரே வரி என்று உன் அண்ணி அப்போதே சொன்னாள். பொய்யிலாவது ஒரு சொல்லை மாத்தி எழுதக் கூடாதா என்று கேட்டாள். மூணாங் கிளாஸ் படிச்சவனுக்கு அவ்வளவுதான் வரும். இப்போ நீ, "என் பொண்ணு என்னை மறந்துட்டாளா அண்ணா, நெஜத்தை எழுது" என்று எழுதியிருக்கிறாய். நெஜம் என்னவென்றால், நீ ஆஸ்பத்திரிக்குப் போன இந்த மூணு மாசத்தில் உன் பொண்ணு தாச்சி ஒரு தரம் கூட அம்மா எங்கே என்று கேட்கவில்லை. அழவில்லை. துன்னுது, தூங்குது, கோழியைத் துரத்துது. இதை உனக்கு எப்படி எழுதுறதுன்னுதான் அந்தப் பொய். கடைசி வரைக்கும் படி, நடுவுல அழாதே.

உன் பொண்ணோட புத்தி ஒரு தினுசு. கண்ணாமூச்சி ஆடுறோம்னு வெச்சிக்கோ, நான் பத்து எண்ணித் திரும்பினா முத்தத்து நடுவுல கண்ணைப் பொத்திக்கினு நிக்குது. "எங்கடி தாச்சி, காணோமே"ன்னா, "மாமா, நான் இங்க இல்ல"ன்னு பதில் சொல்லுது. அதுக்குத் தெரியலைன்னா ஒருத்தருக்கும் தெரியாதாம். அதே மாதிரி அதுக்கு ஒண்ணு தெரிஞ்சா ஊருக்கே தெரியுமாம். "மாமா, அவன் கடிச்சிட்டான்"னு வந்து நிக்கும். எவன்டின்னா என்னைப் பைத்தியக்காரன் மாதிரி பாக்கும். பக்கத்து வீட்டு ரங்கையா இதைப் பாத்துட்டு, "ஆந்திராவுக்கும் மெட்ராசுக்கும் எல்லைக்கோடு போட ஆபீசர் வந்து உன் வீட்ல தமிழா தெலுங்கான்னு கேட்டா, நீயும் இப்படிக் கண்ணைப் பொத்திக்கினு நில்லுப்பா, இந்த ஊரே இல்லைன்னு எழுதிக்கினு போயிடுவாரு"ன்னாரு. இன்னொண்ணு, துன்னு முடிச்சதும் காலித் தட்டைத் தூக்கி சுவத்துக்குக் காட்டும். தினமும். சுவத்துல ஒரு படம் கூட இல்ல. ஏதோ விளையாட்டுன்னு நாங்களும் விட்டுட்டோம்.

போன வாரம் உன் அண்ணி கிணத்துக்குப் போயிருந்தா. பொங்கல்ல மிஞ்சின வெல்லத்தை எனக்குப் பயந்து மொளகாத் தூக்குல வெச்சிருந்தா. நான் எடுத்து, பாதியைத் துன்னுட்டு, மீதியை விதைக்கடலை மூட்டைக்குள்ள சொருகினேன். தாச்சி பாத்துக்கினே இருந்தது. கையில ஒரு துண்டு குடுத்துட்டு சும்மா சீண்டிப் பாப்போம்னு, "அத்தை வந்து வெல்லத்தை எங்கம்மா தேடும்?"னு கேட்டேன். "மூட்டைல"ன்னுது. "அத்தைக்கு எப்படித் தெரியும்?" "அங்கதானே கீது!" சரிதான்னு விட்டுட்டேன். உன் அண்ணி வந்தா, குடத்தை இறக்கினா, நேரா தூக்கைத் தெறந்தா. தாச்சிக்குச் சிரிப்பு தாங்கல. "அத்தை, அதுல இல்ல!" அப்புறம் சிரிப்பு நின்னு போச்சு. அத்தை மூஞ்சைப் பாக்குது, மூட்டையைப் பாக்குது, என் மூஞ்சைப் பாக்குது, மறுபடி அத்தை மூஞ்சைப் பாக்குது. மழை பேஞ்சி ஏரி ரொம்புற மாதிரி கண்ணு பெருசாயிக்கினே போவுது. அத்தைக்குத் தெரியலையேன்னு அப்பத்தான் அதுக்குத் தெரியுது. "வெல்லம் எங்கடி?"ன்னு உன் அண்ணி கேட்டா. நான் கண்ணடிச்சேன். "எனக்குத் தெரியாது"ன்னு சொல்லிச்சு சுந்தரி! உன் பொண்ணு சொன்ன மொதப் பொய்! மூட்டை மேல கையை வெச்சிக்கினு சொல்லிச்சு. உன் அண்ணி வெல்லத்தை எடுத்துக்கினு, "பொய் சொல்றதுல மாமனும் மருமவளும் ஒரே கிளாசு, அவ பாஸாயிடுவா, நீ மறுபடி உக்காரு"ன்னா. எனக்கு ரெண்டு நாளைக்குப் பாவக்காக் கொழம்புதான்.

மூணாம் நாள் காலையில களி துன்னு முடிச்சி, தாச்சி வழக்கம் போல தட்டைத் தூக்கிச்சு. பாதியில நிறுத்திட்டு மெதுவா கீழ வெச்சிடுச்சு. "மாமா, அத்தை கிணத்துக்குப் போச்சே, அதான் அதுக்குத் தெரியல." ஆமாம்மான்னேன். "அம்மாவும் இங்க இல்ல." ஆமாம்மான்னேன். "அப்போ நான் எல்லாத்தையும் துன்னுட்டது அம்மாவுக்குத் தெரியாதா?" நான் தட்டை எடுத்து ஓரமா வெச்சேன். "நான் அம்மாகிட்டப் பேசிக்கினே இருக்கிறதும் தெரியாதா?" தெரியாதும்மான்னேன். அவ்வளவுதான், மூணு மாசத்து அழுகையை மொத்தமா எடுத்து வெச்சிது. உன் அண்ணி அதைத் தூக்கி மடியில போட்டுக்கினு கூட சேந்து அழுவுறா, நான் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போறேன்னு கொல்லைக்குப் போயிட்டேன். மாட்டுக்குத் தண்ணி ஏற்கனவே காட்டியாச்சு.

அதனால சுந்தரி, அது உன்னை மறக்கல. இத்தினி நாளும் நீ எல்லாத்தையும் பாத்துக்கினு இருக்கேன்னு நம்பி இருந்திருக்குது. பாத்துக்கினு இருக்கிறவளைப் போயி எவளாவது எங்கேன்னு கேப்பாளா? இப்போ விடிஞ்சதுல இருந்து பொழுது சாயற வரைக்கும் உன் பேச்சுதான், போன கடுதாசிகள்ல நான் எழுதின பொய்யெல்லாம் இப்போ நெஜமாயிடுச்சி. நெல் அடிச்சி முடியப் பத்து நாள் ஆவும். அது முடிஞ்சதும் கூட்டிக்கினு வரேன். டாக்டர் சொன்ன மாதிரி தூரத்துல இருந்துதான் காட்டுவேன்.

மாப்பிள்ளை கோவர்த்தனன் ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க வரும்போது எங்கள் நமஸ்காரத்தைச் சொல்லவும். மருந்தைக் கசக்கிறது என்று கொட்டாதே. நூறு வயசு குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அண்ணன்
செங்கல்வராயன்

பின்குறிப்பு: மேலே பத்து நாள் என்று எழுதியதை அடித்து விடவும். தபால் பெட்டியில போடப் போனேன், கூட வந்த தாச்சி, "கடுதாசி போயி சேர்ற வரைக்கும் அம்மாவுக்குத் தெரியாதே"ன்னு கேட்டுது. கடுதாசியைப் பெட்டியில போடாம மடியில சொருகிக்கினேன். புத்தூர் போயி பஸ் ஏறிட்டோம். இப்போ உன் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில நின்னுக்கினு எழுதுறேன். வாட்ச்மேன் "பிள்ளலு லோபலிகி ராகூடது"ன்னு சொல்லிட்டாரு, புள்ளைங்க உள்ள வரக் கூடாதுதான், நாங்களும் கேக்கல. வார்டு வேலை பாக்கிற மணியம்மாகிட்ட இதைக் குடுத்து அனுப்புறேன். உன் ஜன்னல் எதுன்னு தெரியாம தாச்சி எல்லா ஜன்னலுக்கும் கையை ஆட்டிக்கினு கீது. மூணாவது ஜன்னல்ல ஒரு பெரியவர் ரொம்ப நேரமா பதிலுக்கு ஆட்டிக்கினு இருக்காரு, அவருக்குக் கை வலிக்கப் போவுது, நீ சீக்கிரம் வந்து எட்டிப் பாரு. என்னால அங்க இங்க நடந்து உன் ஜன்னலைத் தேட முடியல. புத்தூர் பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்ச எடத்துல கழட்டி விட்ட செருப்பு அவசரத்துல மாறிப் போச்சு. இப்போ போட்டுக்கினு இருக்கிறது ரெண்டும் இடது கால்.