முன்னோட்டத்தில் வந்த கட்டங்கள்

நான் ஏர்கோன், அதாவது ஏசி, பழுது பார்க்கிறவன். மெஷின் கோளாறாகத் தெரிந்தால் முதலில் சுவிட்சை அடைப்போம். யோசனை அப்புறம். ஏர்கோனுக்கு அது சரி. மற்றதுக்குச் சரியில்லை என்று புரிய எனக்கு ஒரு தைப்பூசம் ஆனது.

எங்கள் ஊர் புந்தோங்கில், தைப்பூசக் காவடிக்கு அடிக்கிற எங்கள் உறுமி மேளக் குழுவுக்குப் பாட்டு எழுதுகிறவர் முனியாண்டி மச்சான். என் மனைவியின் அண்ணன். அவரும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். பஸ் ஓட்டுகிறார். வண்டி நிற்கிற நேரத்தில் போனில் எழுதுவார். அந்தப் போனை அடிக்கடி தொலைப்பார். அதனால் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை என் வீட்டில் வைத்து, எல்லாப் பாட்டையும் அதில் ஏற்றினேன். குழு ஆட்கள் போனிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். வீடியோ பார்த்துக் கற்றேன். (படிப்பு பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு சரி. வீடியோவுக்கு அது தெரியாது.)

அந்த வருஷம் மச்சான் ஒரு புதுப் பாட்டு எழுதினார். தவறிப்போன அவர் மனைவி சரோஜா அக்காவுக்காக. யாருக்கும் காட்டவில்லை; கம்ப்யூட்டரிலும் ஏற்றாமல் போனிலேயே வைத்திருந்தார். ஒத்திகையில்தான் பாடுவேன் என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "எந்த ஃபைல்ல எந்தப் பாட்டுன்னு தெரியலலா" என்று மச்சான் சொன்னதும், முன்னோட்டம் போட்டுத் தருகிறேன் என்றேன். ஃபைலைத் திறக்கவே வேண்டாம். முதல் பக்கம் சின்னப் படமாக வெளியிலேயே தெரியும்.

ஒத்திகைக்கு எல்லாரும் என் வீட்டுக்கு வந்தார்கள். கம்ப்யூட்டரை டிவியில் இணைத்து, பெருமையாகக் காட்டினேன்.

பாட்டு இல்லை. எழுத்து இருக்க வேண்டிய இடமெல்லாம் கட்டம். வரிசை வரிசையாக வெறும் கட்டம்.

"டைல்ஸ் கடை மாதிரி இருக்குலா" என்றான் உறுமி அடிக்கிற குமார்.

"வைரஸ்" என்றேன். என் வாழ்க்கையில் எதையும் அவ்வளவு உறுதியாகச் சொன்னதில்லை.

"போன்லயும் ஏறியிருக்குமாண்ணே?" என்றான் குமார்.

"ஏறியிருக்கும். எல்லாரும் பாட்ட அழிங்க. பேங்க் காசு போச்சுன்னா என்னைக் கேக்காதீங்க."

காசு என்றதும் வேகமாக அழித்தார்கள். மச்சான் மட்டும் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஒரு தடவ திறந்து படிச்சிட்டு அழிக்கவா மச்சான்?"

"திறந்தா பரவும்."

என்னை நம்புகிற ஆள். அழித்தார். கம்ப்யூட்டரில் இருந்ததை நான் அழித்தேன். அதன் குப்பைத்தொட்டியையும் விடவில்லை.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க, போனிலிருந்து கம்ப்யூட்டரில் ஒரு புது ஃபைலில் கணேசன் என்று என் பெயரை எழுதி வைத்தேன். முன்னோட்டத்தில் கட்டம். போனில் திறந்தேன். உள்ளே கணேசன் ஒழுங்காக இருந்தான். பக்கத்தில் நான் மலாயில், ஆங்கில எழுத்தில் அடித்த ஏர்கோன் பில், முன்னோட்டத்திலும் பளிச்சென்று தெரிந்தது.

வைரஸ் இல்லை. அந்தக் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துரு இல்லை. நான் போடவில்லை. முன்னோட்டப் படத்தைத் தயாரிப்பது கம்ப்யூட்டர், அதனால் படத்தில் மட்டும் கட்டம். ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, நான் கை வைக்கும் வரை.

எல்லாரிடமும் உண்மையைச் சொன்னேன். குடிக்கத் தே கொண்டுவந்த என் மனைவி தட்டோடு நின்றுவிட்டாள். "எங்க அண்ணி பாட்டையுமா?"

மச்சான் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "திரும்ப எடுக்க முடியுமா மச்சான்?" என்று மட்டும் கேட்டார். தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தேன். முடியவில்லை.

பழைய பாட்டுகளை எல்லாரும் சேர்ந்து ஞாபகத்திலிருந்து மீட்டார்கள். அக்கா பாட்டு அவர் ஒருவர் தலையில்தான் இருந்தது. ஆரம்பம் வந்தது, முடிவு வந்தது. நடு வரிகள் வரவில்லை. தைப்பூசத்தன்று அந்த இடத்தில் குமார் வெறும் உறுமியை அடித்துச் சமாளித்தான். ஜனங்களுக்கு அதுதான் பிடித்தது. வேறு குழுக்களும் இப்போது அதை அடிக்கிறார்கள்.

அந்த அடிக்குக் கட்டம் என்று பெயர். "கட்டம் போடுலா!" என்று குமார் கத்துவான். ஏன் அந்தப் பெயர் என்று கேட்கிறவர்களுக்கு, காவடிக்குப் பின்னால் தண்ணீர் போத்தல் தூக்கி வரும் என்னைக் காட்டுவார்கள். சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

மச்சான் அப்போது சிரிப்பதில்லை. உறுமிச் சத்தத்துக்குள் அவர் உதடு அசையும். மறந்த வரி வருகிறதா என்று பார்ப்பார்.