ஈர மீட்டருக்குக் கீழே என் நாற்காலி

அன்பும் மரியாதையும் உள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகள் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். சித்தியும் உங்கள் முழங்கால் வலியும் சௌக்கியமா?

நீங்கள் சொல்லி வாங்கிக்கொடுத்த ஆவணக் காப்பக வேலையை நான் தொலைக்கப்போகிறேன். நேரில் சொல்ல வாய் வராது, அதனால் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்ற எனக்கு இதைவிடச் சுலபமான வேலை அமையாது. வெயிலும் மழையும் வருஷத்துக்கு வருஷம் மோசமாகின்றன, ராப்பகலாக ஏசி ஓட்டியே பழைய காகிதங்களைக் காப்பாற்றினால் கட்டுப்படியாகாது என்று அதிகாரி ஏசியை நிறுத்திவிட்டார். அதற்குப் பதில், காற்று காய்ந்திருந்தால் ஜன்னலைத் திறக்க வேண்டும், ஈரம் ஏறினால் மூட வேண்டும். திறந்து மூடுவது நான். இந்த மழைக்காலம் தாக்குப்பிடித்தால் ஏற்பாடும் நிலைக்கும், என் வேலையும் நிலைக்கும். யாராவது பேச்சுக் கொடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில், அலமாரிகளுக்குப் பின்னால், காற்றின் ஈரத்தைக் காட்டும் மீட்டர் மாட்டிய மூலையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். அங்கேதான் வினை. தினமும் காலையில் முள் விறுவிறுவென்று ஏறியது. ஜன்னலை மூடினேன், ஏறியது. திறந்தேன், அப்போதும் ஏறியது. அதிகாரி பதறிப்போய்ப் பெட்டிகளையெல்லாம் மாடிக்கு ஏற்றச் சொன்னார். மூச்சு வாங்க ஏற்றி முடித்ததும், மீட்டரைச் சோதிக்க வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, தலைக்குக் குளிச்சிட்டுத் துவட்டாமலே வந்துடுவியா? பின்னல்ல இருந்து சொட்டுது பாரு. மீட்டருக்கு அடியிலயேவா உக்காருவ?"

"கிழிஞ்சுது போ! நான் மழையைப் போய்த் திட்டிக்கிட்டு இருந்தேன்" என்றார் அதிகாரி.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அதிலும் ஈரம் இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டேன். அம்மா என்னோடு பேசுவதில்லை, எனக்கு அது ஒருவகையில் வசதி. திரும்பவும் ஏசியே போட்டுவிடலாம் என்று அங்கே பேச்சு. துரத்துவதற்கு முன் நானே நின்றுவிடுகிறேன். நீங்கள் வந்து அதிகாரியிடம் சொல்லவும். வேலையை விடுவதற்கும் பேச வேண்டுமாமே!

சித்திக்கு வணக்கம், தம்பி தங்கைகளுக்கு முத்தம். படியில் பார்த்து இறங்கவும்.

இப்படிக்கு,
சத்தமில்லாத உங்கள் மகள்

பின்குறிப்பு: வர வேண்டாம். இன்று காய்ந்த தலையோடு போய், மீட்டரிலிருந்து தள்ளியே நின்றேன். முள் முன்னைவிட மேலே போனது. "இன்னைக்கு எதை நனைச்சே?" என்று மீட்டர் மாட்டிய சுவரில் சாய்ந்தபடி திட்ட ஆரம்பித்தார் அதிகாரி. அவர் திரும்பியபோது சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. "சார், முதுகு" என்றேன். நான் அங்கே பேசிய முதல் பேச்சு அதுதான். காலையில் மோட்டார் போட்டதும் சுவருக்குள் போகும் குழாய் கசிகிறதாம். அடைத்தாகிவிட்டது. ஏசி வேண்டாமாம், ஜன்னல் என் பொறுப்பிலேயே இருக்கட்டுமாம். முடியை வீணாக வெட்டியதை மட்டும் அம்மாவிடம் என்னால் சொல்ல முடியாது. அதற்காகச் சீக்கிரம் வரவும்.