பதினொன்று பத்துக்கு நிற்கும் மெஷின்

சரியாகப் பதினொன்று பத்துக்கு அட்டை வெட்டும் மெஷின் மறுபடியும் நின்றது. யாரும் அதைத் தொடவில்லை. ஐந்து நிமிடம் கழித்துத் தானே சரியாகிவிட்டது. மூன்று நாளாக இதே கூத்து.

ஃபிட்டர் மண்டையைச் சொறிந்தார். கம்பெனியில் அவருக்கு ஸ்பேனர் என்று பெயர். மெஷினின் சூட்சுமம் எளிதுதான். கத்திக்கு முன்னால் இந்தப் பக்கம் ஒரு விளக்கு, அந்தப் பக்கம் ஒரு மின்கண். நடுவே விரல் போனால் ஒளி அறுபடும், கத்தி நின்றுவிடும். தன் விளக்கு சரியாகத் தெரியாவிட்டாலும், எதற்கு வம்பு என்று அந்தக் கண் கத்தியை நிறுத்திவிடும்.

"யாரோ கையை நீட்டுறாங்கய்யா," என்றார் முதலாளி. "புது வேலை ஒப்பந்தத்துல ஒன்பதாவது விதியே பாதுகாப்புதான். போன வாரம் மெஷினுக்கு எதிர்ச் சுவத்துல கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியும் ஒருத்தரும் படிக்கல. பெருசா எழுதி மாட்டு!"

ஸ்பேனர் அதே சுவரில் கதவளவுக்குப் பெரிய கண்ணாடிச் சட்டமாக மாட்டினார். மறுநாள் மெஷின் பதினைந்து நிமிடம் நின்றது.

"தூசி அடைஞ்சா எவன் படிப்பான்? துடைக்கச் சொல்லு!"

கூட்டிப் பெருக்கும் அக்கா பளபளவென்று துடைத்தார். அடுத்த நாள் அரை மணி நேரமாகியும் மெஷின் அசையவில்லை.

முதலாளி குறடோடு வந்தார். "அந்தக் கண்ணோட ரெண்டு ஒயரையும் ஒண்ணா முறுக்கி விடு, கண்ணு இல்லாமலே கத்தி ஓடட்டும். இல்லேன்னா நாளைக்கு வேற ஃபிட்டர்."

மெஷினை ஓட்டுபவர் ஸ்பேனரின் மனைவி. "ஏங்க, வேலை போனா வேற தேடிக்கலாம். விரல் போனா எங்க போய்த் தேடுறது?" என்றார்.

ஸ்பேனர் குறடைக் கீழே வைத்தார். "நான் போறேங்க. போறதுக்கு முன்னாடி நீங்களே கையெழுத்துப் போட்டதைக் கேட்டுட்டு அனுப்புங்க." விறுவிறுவென்று போய்க் கண்ணாடியை மறைத்தபடி நின்று சத்தமாகப் படித்தார். "விதி ஒன்பது! பாதுகாப்புக் கருவியை முதலாளியோ தொழிலாளியோ..."

மனைவி சும்மா பொத்தானை அழுத்தினார். கடகடவென்று மெஷின் ஓடியது!

ஸ்பேனர் திகைத்து நகர்ந்தார். மெஷின் நின்றது. திரும்பிப் போய் நின்று படித்தார். ஓடியது.

"படிய்யா, நிறுத்தாம படி!" என்று கத்தினார் முதலாளி. "இனிமே உனக்கு அதான் வேலை!"

"வீட்டுல ஒரு பால் கவர்ல இருக்கறதைப் படிக்கச் சொன்னாக்கூடப் படிக்கமாட்டாரு," என்றார் மனைவி.

ஸ்பேனர் ஒன்பதாவது விதியைப் பதினோராவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தபோது, துடைக்கும் துணியோடு அக்கா வந்தார். மேல் ஜன்னலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார்.

"தொண்டை கட்டிக்கப் போகுது தம்பி. ஜன்னல் வெயில் இந்தக் கண்ணாடியில பட்டு நேரா மெஷின் கண்ணைக் கூச வைக்குது. கண்ணாடியைக் கழட்டிட்டு வெறும் காகிதத்தை ஒட்டுங்க, ஓடும்."