ஜோடி சேராத செருப்பு

ஒரு காட்டில் கண் மங்கிய புலி ஒன்று, போனைக் கேட்காமல் வாயைத் திறப்பதில்லை. காரணம் இருக்கிறது. போன கோடையில் புதர் மறைவில் தெரிந்ததைக் காட்டுப்பன்றிக் குட்டி என்று நம்பிக் கவ்வியது, அது முள்ளம்பன்றி. அன்றிலிருந்து எது அகப்பட்டாலும் முதலில் போட்டோ. போன் அதைப் பார்த்து, இன்னதென்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் சாப்பாடு.

ஒருநாள் மாரப்பன் என்ற முயல் அதன் காலடியில் மாட்டியது. பயத்தில் காது இரண்டையும் முதுகோடு ஒட்டிப் பம்மிக் கிடந்தது. புலி படம் எடுத்தது.

"பஞ்சு வைத்த வீட்டுச் செருப்பு," என்றது போன்.

மாரப்பனுக்குச் சுருக்கென்றது. சந்தையில் ஒரு முள்ளங்கிக்கு மல்லுக்கு நிற்கிற ஆள். வேறு யாராவது சொல்லியிருந்தால் நடப்பதே வேறு. எதிரே இருந்த பல்லைப் பார்த்தது. ஆமாங்க, செருப்புதானுங்க, புது மாடல், பேசும் என்றது.

புலி வலது காலை அதன்மேல் வைத்துப் பார்த்தது. இதமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒற்றைச் செருப்பு எதற்கு, ஆற்றில் வீசிவிடலாம் என்றது. ஆற்றில் முதலை இருந்தது. முதலையிடம் போன் கிடையாது.

ஜோடி அந்தப் புதருக்குள் இருக்கிறது என்று மாரப்பன் அவசரமாகச் சொன்னது. உள்ளே ஒளிந்திருந்தது பெண்டாட்டியின் அண்ணன் ரத்தினசாமி. புலி இழுத்துப் போட்டுப் படம் எடுத்தது. அதுவும் பம்மித்தான் கிடந்தது.

"அதே செருப்பு," என்றது போன்.

ஜோடி சேர்ந்ததில் புலிக்குத் திருப்தி, ஆற்றில் வீசும் பேச்சு போய்விட்டது. புலி தூங்கும்போது செருப்பைக் கழற்றித்தானே ஆகவேண்டும், அப்போது ஓடிவிடலாம் என்று மாரப்பன் கிசுகிசுத்தது. மச்சானுக்கு அது ஏறவில்லை.

"யாரு செருப்பு? எங்க பாட்டன் பூட்டன் எல்லாம் முயலு. இன்னொரு தடவ எடுத்துப் பாருங்க."

"சும்மா கெடங்க மச்சான்."

"நீங்க வேணா செருப்பா இருங்க மாப்ளே."

ரத்தினசாமி நிமிர்ந்து உட்கார்ந்து, காதைத் தூக்கி, மீசையை நீவி, பல்லைக் காட்டியது. புலி எடுத்தது.

"முயல்," என்றது போன். "மிளகு வறுவல் செய்முறை கீழே."

புலி செய்முறை வரை போகவில்லை.

வயிறு நிறைந்ததில் ஆறு வரை நடக்க அலுப்பாக இருந்தது. மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பைப் பாதையோரம் எறிந்துவிட்டுப் போய்விட்டது.

வளைக்குத் திரும்பிய மாரப்பனிடம், அண்ணன் எங்கே என்று பெண்டாட்டி பூவாத்தா கேட்டது.

"போட்டோ எடுத்தாங்க," என்றது மாரப்பன். "உங்கண்ணனுக்கு நல்லா விழுந்துச்சு."

நீதி: எவனாவது உன்னைக் குறைத்து மதிப்பிட்டால் திருத்தாதே. மானம் போகிறதே என்று பொறுக்கவில்லையென்றால், அதைக் காப்பாற்ற ஒரு மச்சானை வைத்துக்கொள்.