மாடம்பாக்கத்தில் இரண்டு விநாடி கிரகணம்

சாம்பசிவனுக்கும் விண்வெளிக்கும் நடுவே கங்கம்மா வீட்டு ஃபோகஸ் லைட் ஒன்று வந்து நின்றுகொண்டது. திருடன் பயத்துக்காக முந்தாநாள் மொட்டை மாடியில் மாட்டிய விளக்கு. திருடன் வரக்கூடிய பின்பக்கத்தை விட்டுவிட்டு, எதிர்வீட்டு மாடியில் இருந்த சாம்பசிவனின் டெலஸ்கோப்பைத்தான் அது விடிய விடியக் காவல் காத்தது.

"போய்க் கேளுங்களேன். கால் மணி நேரம் அணைக்கச் சொன்னா மாட்டேன்னா சொல்லப் போறாங்க?" என்றாள் மனைவி ஜெயஸ்ரீ.

"எதுக்குன்னு கேப்பாங்களே?"

"ஏதாவது ஒரு பொய் சொல்லுங்க."

சாம்பசிவன் மேடவாக்கத்தில் ஒரு பில்டரிடம் வரைபடம் போடுகிறவர். சுவரை அரை அங்குலம் தள்ளி வரையச் சொன்னால்கூட அவருக்குக் கை வராது. பொய் எங்கே வரும்? அன்றைய கூத்து முழுவதற்கும் அதுதான் காரணம்.

விஷயம் இதுதான். அன்று மாலை ஏழேகால் மணிக்கு ஒரு சிறுகோள் ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகப் போகிறது. ஒரு முனையைத் தாம்பரம் ஸ்டேஷனில் வைத்தால் மறுமுனை மாடம்பாக்கத்தில் வந்து முட்டும், அவ்வளவு பெரிய கல். அது நட்சத்திரத்தை மறைக்கும்போது அதன் நிழல் கடல் மேல் ஓடி வந்து, கோவிலம்பாக்கத்தைத் தொட்டு, மாடம்பாக்கத்தைக் கடந்து, பொத்தேரி வழியாகப் போய்விடும். இங்கே தங்குவது இரண்டே விநாடி.

அந்த இரண்டு விநாடிதான் முக்கியம். அந்தக் கல் எப்போதாவது பூமிப் பக்கம் எட்டிப் பார்க்கிற ஜாதி. அடுத்த நூற்றாண்டில் ஒருமுறை ரொம்பக் கிட்டே வரும். எவ்வளவு கிட்டே என்பதில் கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒரு சந்தேகம். நிழல் எங்கே விழுந்தது, எத்தனை நேரம் இருந்தது என்று ஒரே ஒருவர் கண்ணால் பார்த்துச் சொன்னால் போதும், சந்தேகம் தீர்ந்துவிடும். நிழல் போகும் வழியில் முக்கால்வாசி கடல். கரையில் பார்ப்பதாகப் பெயர் கொடுத்திருந்த மற்றவர்கள் காலையிலேயே "எங்கள் ஊரில் மேகம்" என்று கைவிரித்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது சாம்பசிவன் ஒருவர்தான். அவருக்கு எதிரே கங்கம்மாவின் ஃபோகஸ் லைட்.

"இன்னா சார், காலங்காத்தால?" என்றாள் கங்கம்மா, வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டே.

"ஒண்ணுமில்லம்மா. சாயங்காலம் ஏழு மணிக்கு மாடி லைட்டைக் கொஞ்ச நேரம் அணைக்க முடியுமா?"

"இன்னாத்துக்கு?"

"ஒரு பெரிய கல் போகுது. அதோட நிழல் நம்ம தெரு மேல விழுது."

"எவன் வூட்டுக் கல்லு?"

"வானத்துல போற கல்லும்மா."

கங்கம்மா வாளியைக் கீழே வைத்தாள். "வானத்துல போறதோட நெழலு நம்ம மேல வுழுதுன்னா அது கெரகணம்தானே?"

சாம்பசிவன் புல்லரித்துப் போனார். அவர் படித்த கட்டுரைகள் பக்கம் பக்கமாகச் சொன்னதை இந்த அம்மாள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள். "கரெக்ட்! அதேதான்! சின்னதா ஒரு கிரகணம்!"

"எந்த நச்சத்திரத்துல புடிக்குது?"

"அதுக்குப் பேரெல்லாம் கிடையாது. ரோகிணிக்குப் பக்கத்துல இருக்கு."

கங்கம்மாவின் முகம் மாறியது. அவளுக்குப் பின்னால், முதல் பிரசவத்துக்கு வந்திருந்த மகள் தீபலட்சுமி, ஏழு மாத வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறு கையால் முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.

"எம் பொண்ணு ரோகிணியாச்சே! மாசமா வேற கீறா!"

"அந்த ரோகிணிக்கும் இதுக்கும்..." என்று ஆரம்பித்த சாம்பசிவன், அது அதே ரோகிணிதான் என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்.

"லைட்ட அணைக்கறதா? புள்ளத்தாச்சி இருக்கற வூட்டுல கெரகண இருட்டை வுடுவேனா? இன்னொண்ணு மாட்டறேன் பாரு!"

சொன்னபடி செய்கிற பெண்மணி. மத்தியானத்துக்குள் இரண்டாவது ஃபோகஸ் லைட் வந்துவிட்டது. இது முதலாவதைவிடப் பெரிது.

"உங்களை யாரு ரோகிணியை எல்லாம் இழுக்கச் சொன்னது?" என்று ஜெயஸ்ரீ தலையில் அடித்துக்கொண்டாள். "போய் அமீருதீன் பாயைப் பாருங்க. தெருச் சங்கச் செயலாளர் சொன்னா கேப்பாங்க."

அமீருதீன் பெயின்ட் கடை வைத்திருப்பவர். எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லாதவர். முழுக் கதையையும் கேட்டுவிட்டு எழுந்து நின்று சாம்பசிவனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நீங்க உலகத்தைப் பாருங்க. தெருவை நான் பார்த்துக்கறேன்."

உடனே தெரு வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது: 'இன்று மாலை நம் தெரு மீது விண்கல்லின் நிழல் விழுவதால் அனைவரும் விளக்குகளை அணைத்து ஒத்துழைக்கவும்.'

அதன்பிறகு சாம்பசிவனின் கைபேசி ஓயவில்லை.

"சார், தோசை மாவுல தர்ப்பை போடணுமா?"

"சம்ப் தண்ணியை என்ன சார் பண்றது? நேத்துதான் லாரி வந்துச்சு."

"என் மருமக ரோகிணி சார். நெத்தியில பட்டம் கட்டணுமா, பரிகாரம் ஏதாவது இருக்கா?"

"உலக்கை நிக்க வெச்சா நிக்குமா சார், இந்தக் கிரகணத்துக்கு?"

எல்லோருக்கும் பதில் சொல்லி மாளாது என்று சாம்பசிவன் தாமே ஒரு விளக்கம் எழுதிப் போட்டார். 'யாரும் பயப்பட வேண்டாம். இந்தக் கல் நம் மேல் விழாது. பிற்காலத்தில் விழுமா விழாதா என்று தெரிந்துகொள்ளத்தான் இன்று பார்க்கிறோம்.'

முதல் இரண்டு வாக்கியங்களை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. மூன்றாவது மட்டும் தனியாகக் கழன்று பக்கத்துத் தெருவுக்குப் போய், அங்கிருந்து வேங்கைவாசல் சுற்றி, பொத்தேரி காலேஜ் ஹாஸ்டல்களுக்குள் நுழைந்தது. ஆறு மணிக்கெல்லாம் பைக்குகள் வர ஆரம்பித்துவிட்டன. ஒவ்வொரு பைக்குக்கும் ஒரு ஹெட்லைட். ஒரு லைட்டை அணைக்கச் சொல்லப் போனவர், ஒரு திருவிழாவையே கூட்டிவிட்டார்.

"பாய், இதுக்கு அந்த ஒத்தை ஃபோகஸ் லைட்டே தேவலை," என்றார் சாம்பசிவன் அழாக்குறையாக.

"கவலையை விடுங்க சார். நான் களத்துல இறங்கிட்டேன்."

இறங்கித்தான் விட்டார். பைக்குகளைத் தெருமுனையிலேயே நிறுத்தினார். டார்ச் அடித்தவர்களை அதட்டினார். பிறகு சங்கத்து ஆட்கள் இரண்டு பேரோடு வீடு வீடாக ஏறி, சொல்லியும் கேட்காதவர்களின் மெயின் ஸ்விட்சைத் தாமே அணைத்துக்கொண்டு வந்தார். மாடியில் கேமராவைப் பொருத்தி, நட்சத்திரத்தைப் பிடித்து, ஃபோகஸ் லைட் வெளிச்சத்தையும் மீறிக் கம்ப்யூட்டர் திரையில் அது மங்கலாக மினுக்குவதை ரசித்துக்கொண்டிருந்த சாம்பசிவன், வீடுகள் ஒவ்வொன்றாக அணைந்து வருவதைப் பார்த்து நெகிழ்ந்து போனார். வரிசை அவர் வீட்டுக்கு வந்தது. திரை அணைந்தது. நட்சத்திரத்தின் பின்னாலேயே டெலஸ்கோப்பைத் திருப்பிக்கொண்டிருந்த மோட்டாரும் நின்றது.

"ஜெயா! கரன்ட் என்ன ஆச்சு?"

"பாய் வந்து மெயினை அணைச்சுட்டுப் போனார். செயலாளர் வீடு, விஞ்ஞானி வீடுன்னு பாகுபாடே கிடையாதாம்!"

மறுபடி போட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சரிசெய்ய அரை மணி ஆகும். இருந்ததோ பத்து நிமிஷம். சாம்பசிவன் கேமராவைப் பிடுங்கினார். கண் வைத்துப் பார்க்கிற லென்ஸைச் செருகினார். கைபேசியில் குரல் பதிவைப் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நட்சத்திரம் மறையும்போது "போச்சு", திரும்பும்போது "வந்துச்சு" என்று கத்தினால் நேரம் பதிவாகிவிடும். அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் எதிர்வீட்டு ஃபோகஸ் லைட்டுகள் இரண்டும் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. கங்கம்மா வீட்டு வாசலில் ஏற அமீருதீனுக்கே துணிச்சல் வரவில்லை.

கேமராவுக்கு மங்கலாகவாவது தெரிந்த நட்சத்திரம் வெறுங்கண்ணுக்குத் தெரியவில்லை, லென்ஸுக்குள் ஒரே வெள்ளை மூட்டம். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தார் சாம்பசிவன். எங்கோ பிறந்து, கோடிக்கணக்கான வருஷம் நடந்து, ஒரு கல் இந்தத் தெரு வழியாகப் போகிறது. அதைப் பார்க்க உலகத்தில் தம்மை விட்டால் ஆளில்லை. தாம் கோட்டை விட்டால், இன்னும் பிறக்காத யாரோ அந்தச் சந்தேகத்தோடே வாழ வேண்டும்.

அப்போது கங்கம்மா வீட்டு விளக்குகள் இரண்டும் சட்டென்று அணைந்தன.

தெருவில் யாரோ "ஐயோ!" என்றார்கள். இருட்டு பழகப் பழக, மேலே ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. தாம்பரத்துக்கு இந்தப் பக்கம் இத்தனை நட்சத்திரங்கள் இருக்கின்றன என்று அங்கே பல பேருக்குத் தெரியாது. தர்ப்பையோடு வந்தவர்கள் தர்ப்பையை மறந்தார்கள். உலக்கையோடு வந்தவர் அதை வாசல் சுவரில் சாய்த்துவிட்டு வாயைப் பிளந்து நின்றார். பயமும் சந்தோஷமும் கலந்த ஏதோ ஒன்று தெரு முழுக்கப் பரவியது. சாம்பசிவனுக்குக் கண் கலங்கியது. பிறகு கலங்கிய கண்ணால் நட்சத்திரத்தைப் பார்க்க முடியாது என்ற பயத்தில் அவசரமாகத் துடைத்துக்கொண்டு, தம் நட்சத்திரத்தை லென்ஸில் மறுபடி தேடிப் பிடித்தார்.

மாடிப்படியில் மெதுவாக மூச்சு வாங்கிக்கொண்டு யாரோ ஏறி வந்தார்கள்.

"சார், நான் தீபா. லைட்டை அணைச்சது நான்தான். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

"நீ எதுக்கும்மா படியேறி வந்தே?"

"காலையிலேர்ந்து ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டி என்னை உள்ளேயே உட்கார வெச்சிருக்காங்க. என் நட்சத்திரத்துக்குப் பக்கத்துலதானே நடக்குது? நான் பார்க்க வேண்டாமா?"

சாம்பசிவன் கண்ணை லென்ஸிலிருந்து எடுக்காமலே பேசினார்.

"கிட்ட வந்து நில்லு. அது தானா அணையாதும்மா. அணைஞ்சா குறுக்கே ஏதோ போகுதுன்னு அர்த்தம். நடுவுல இருக்கற நட்சத்திரம் ஓரத்துக்கு நகர்ந்தா, குழாயை இப்படி விரலால லேசாத் தள்ளணும்."

அவர் தள்ளிக் காட்டினார். நட்சத்திரம் நடுவே வந்து நின்றது. ஆடாமல் அசையாமல் இருந்தது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டார்.

நட்சத்திரம் இல்லை.

"போச்சு!"

மங்கவில்லை, நடுங்கவில்லை. இருந்தது, இல்லாமல் போனது. அந்தக் கறுப்பில் ஒரு மலை போய்க்கொண்டிருந்தது. சத்தமில்லாமல், யாரையும் கேட்காமல், அவர் கண்ணுக்கும் ஒரு சூரியனுக்கும் நடுவே போனது. அதன் நிழலுக்குள்ளே இப்போது அவர் நின்றார், கங்கம்மா நின்றாள், மாடம்பாக்கமே நின்றது. இதைவிடப் பெரிதாக எதையும் தாம் பார்க்கப் போவதில்லை என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"வந்துச்சு!"

தெருவே கைதட்டியது. என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது, ஆனாலும் தட்டினார்கள். கீழே அமீருதீன், "உலகம் தப்பிச்சதா சார்?" என்று கத்தினார்.

"பார்த்துட்டேன் பாய்! பார்த்துட்டேன்!" சாம்பசிவன் லென்ஸை விட்டுத் துள்ளினார். சட்டைப் பையில் பதிவு ஓடிக்கொண்டிருப்பதே அவருக்கு நினைவில்லை. "நீ பாரும்மா. லைட்டை அணைச்ச புண்ணியவதி, நீ பாரு."

தீபலட்சுமி குனிந்து கண்ணை வைத்தாள். அதற்குள் படியில் தடதடவென்று சத்தம்.

"தீபா! அடியே! எங்கடி கீற? கெரகணத்துல வெளிய வந்து நிக்கறியே, உனுக்கு அறிவு கீதா?"

"போச்சு சார்!" என்றாள் தீபலட்சுமி, கண்ணை எடுக்காமல். "ஆ, வந்துச்சு!"

தம்மைப் போலவே கத்தி விளையாடுகிறாள் என்று நினைத்து சாம்பசிவன் சிரித்தார். சட்டைப் பையில் இருந்த கைபேசி மட்டும் அதையும் பதிந்துகொண்டது. மூச்சிரைக்க மேலே வந்து நின்ற கங்கம்மாவின் முன்னால் கைகூப்பினார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. கிரகணம் முடிஞ்சு போச்சு. ஒரே ஒரு கல், ஒரே ஒரு தடவை, அவ்வளவுதான்."

"ஒண்ணு இல்ல சார்," என்றாள் தீபலட்சுமி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து. "கண்ணு சிமிட்டற நேரம் மறுபடியும் அணைஞ்சுது. அந்தக் கல்லு பின்னாடியே அதோட குட்டியும் போகுது."