மச்சானை அழித்த ஒன்பதாவது வரி

முதலில் எனக்கு அநியாயம் செய்தவன் என் மச்சான் சின்னையா. குமுதாவின் அண்ணன். சித்தியவானில் இருக்கிறான். மூன்று வருஷத்துக்கு முன் பேத்திக்குக் காது குத்தினான். அழைப்பிதழில் பதினெட்டுப் பேர் பெயர். பந்தல் சாமான் ஏற்றி வந்த லோரிக்காரன் பெயர்கூட இருந்தது. என் பெயர் இல்லை.

தப்பு நடந்துபோச்சு என்று அவன் வாயால் ஒரு வார்த்தை. அவ்வளவுதான் நான் கேட்பது. இன்னும் வரவில்லை.

இந்த லட்சணத்தில் என் மனைவி தினமும் காலை பத்து மணிக்கு, மகன் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அவன் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள். இங்கே சிம்பாங் பூலாயில், என் வீட்டு மின்சாரத்தில்! அவளிடம் இருப்பது பட்டன் போன். அதில் முகம் தெரியாது. கம்ப்யூட்டரை முடக்கினால் மச்சான் வழிக்கு வந்தே தீரவேண்டும்.

வயரைப் பிடுங்கினால் கண்டுபிடித்துவிடுவாள். ஈப்போவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சீனியிடம் போனேன். எங்கள் வீட்டில் இருப்பது போன்ற ஒரு மிசினில், உள்ளே இருக்கும் பாகங்களின் பட்டியலைத் திறந்து காட்டினான்.

"அண்ணே, இந்தப் பட்டியல்ல ஒம்பதாவது வரி நெட்வொர்க் கார்டு. அத அழிச்சிட்டா நெட் வர்ற வழியே மிசினுக்கு மறந்துரும்லா."

"திரும்ப வேணும்னா?"

"மேல ரெண்டாவது வார்த்த 'எக்ஷன்'. அத அமுக்குனா வர்றதுல மொத வரி. மிசினே தேடி எடுத்துக்கும்."

நான் படித்தது நாலாம் வகுப்பு. ஆங்கிலம் தெரியாது. ஆனால் நிரை நிரையாக எண்ணி ரப்பர் மரங்களில் பால் வெட்டியவன். ஒன்பது வரி எனக்கு எம்மாத்திரம்? அன்று மாலை குமுதா கோயிலுக்குப் போனாள். எண்ணினேன். அழித்தேன்.

மறுநாள் பத்து மணி.

"என்னங்க, நெட்டு வரலயே!"

"உங்கண்ணன் அந்த ஒரு வார்த்தயச் சொல்லட்டும். நானே சரி பண்றேன்."

"நீங்களா? டிவி ரிமோட்டத் தலகீழாப் புடிக்கிற ஆளு!"

"என்னால முடியும்."

"முடியும்னா செஞ்சு காட்டுங்க. வாய் மட்டும் வேணாம்லா."

பொறுக்க முடியவில்லை. எக்ஷன். முதல் வரி. பட்டியல் ஒரு துள்ளு துள்ளியது. அழித்த வரி வந்து உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் திரை முழுக்கச் சின்னையா.

"அண்ணே, ஒங்க மாப்ள எஞ்சினியரு ஆயிட்டாரு!" என்றாள் குமுதா.

"மாப்ள," என்றான் அவன். குரல் இறங்கியிருந்தது. "நானே சொல்லணும்னு இருந்தேன். அந்தக் காதுகுத்து கார்டு விசயத்துல..."

நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். மூன்று வருஷம்!

"இருங்கண்ணே," என்று குமுதா குறுக்கே பாய்ந்தாள். "இவரு எங்க சரி பண்ணாரு? நெட்டு தானா வந்திருக்கும்."

"தானாவா? அழிச்சவனும் நான், கொண்டாந்தவனும் நான்!"

"சும்மா அளக்காதீங்க. நெட்ட யாராச்சும் அழிக்க முடியுமா?"

"முடியாதா? இந்தா, பாரு!"

ஒன்பது எண்ணினேன். அழித்தேன். சின்னையா திறந்த வாயோடு உறைந்து, காணாமல் போனான். அப்புறம்தான் உறைத்தது. அவசரமாக எக்ஷனை அமுக்கினேன். முதல் வரி. முகம் திரும்பி வந்தது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"சொல்லிட்டேன் மாப்ள. மனசுல இருந்த எல்லாத்தையும் சொல்லிட்டேன். இப்பத்தான் பாரம் எறங்குச்சு."

"எனக்கு ஒண்ணும் கேக்கல! இன்னொரு தரம் சொல்லு!"

"எத்தன தரம் சொல்லுவாரு?" குமுதா இடுப்பில் கை வைத்தாள். "பெரிய மனுசன் பேசும்போது அழிச்சது யாரு?"

"தானா வந்துச்சுன்னு நீதானே..."

"அழிச்சது நீங்கதான்னு எனக்கு நேத்தே தெரியும்லா. ஒங்க வேல சரியா முடிஞ்சுதான்னு சீனி போன் பண்ணிக் கேட்டுச்சு."

சின்னையா சொல்லிவிட்டானாம். நான்தான் கேட்கவில்லையாம். பாதிப் பேச்சில் அவனை அழித்ததற்கு இப்போது நான் அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம்.