மூடிய டப்பாவின் மகிமை

ஒரு மாதமாக எங்கள் தீவின் புரோத்ராபூர் ஜிம்மில் இரும்பைத் தொடுவார் இல்லை. தொடுவதற்குத்தான் டப்பா வந்துவிட்டதே! மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த, தசை பலத்துக்குச் சாப்பிடும் கிரியேட்டின் பவுடர். அதில் சக்தி குரு விஜயராஜ் மந்திரம் ஏற்றியிருக்கிறாராம். மூடியைத் திறக்கவே வேண்டாம். இடது கையில் பிடித்தால் வலது கைக்குப் பலம் இறங்கும். பெரார்கஞ்சிலிருந்தும் சிப்பிகாட்டிலிருந்தும் ஜனம் ஸ்கூட்டரில் வந்து இறங்கியது. அறிவாளியான நான் இரண்டு வாங்கினேன். நெஞ்சு ஏற ஒன்று, தொப்பை இறங்க ஒன்று.

கண்ணாரக் கண்டோமே! வெறுங்கையோடு ஒருவர் வலது கையைப் பக்கவாட்டில் நீட்டுவார். குரு இரண்டு விரலால் அமுக்குவார். கை பொத்தென்று விழும். டப்பாவைப் பிடித்தபின் அமுக்குவார்; கை அசையாது. "ஜெய் சக்தி!"

பளுதூக்கும் குணாவும் இந்த வலையில் விழுந்தான். தீவு அணித் தேர்வுக்கு மூன்றே வாரம். "பாரம் தூக்கினா ஏறின சக்தி இறங்கிடும் பேட்டா" என்று குரு சொல்ல, பயிற்சியையே நிறுத்தியிருந்தான்.

அவனுடைய பயிற்சியாளர் வைஜெயந்தி அன்று பணிவாக வந்து நின்றாள்.

"குருஜி, விரல் வேர்த்து வழுக்குது பாருங்க. இதைத் தடவிக்குங்க."

பளுதூக்குவோர் உள்ளங்கையில் பூசும் வெள்ளைப் பொடி. குருவும் பெருந்தன்மையோடு பூசிக்கொண்டார். குணா கையை நீட்டினான். வெறுங்கை விழுந்தது. டப்பாவைப் பிடித்ததும் நின்றது. "ஜெய்…"

"அரே, ருக்கோ! நில்லுங்க!" என்று தடுத்தாள் வைஜெயந்தி. "குணா, கையை எல்லாருக்கும் காட்டு."

மணிக்கட்டில் இரண்டு வெள்ளை விரல் தடம். முழங்கைக்கு மேலே இரண்டு வெள்ளை விரல்.

"வெறுங்கைன்னா நுனியில அமுக்குறார். டப்பான்னா தோள் பக்கமா. கதவைக் கீல் ஓரமா தள்ளிப் பாருங்க, எவ்வளவு கஷ்டம்னு. குருஜி, இப்ப டப்பாவோட மணிக்கட்டுல அமுக்குங்க."

"இன்னிக்கு அமாவாசை" என்றார் குரு.

அவளே அமுக்கினாள். கை விழுந்தது.

குணாவின் முகம் செத்துப்போயிற்று. "அப்ப பவுடரே தோக்காவா, ஏமாத்து வேலையா மேடம்?"

"பவுடர் என்னடா பண்ணும்? வாரக்கணக்கா அளவாச் சாப்பிட்டு, பாரமும் தூக்கினா கொஞ்சம் கூடுதலா தூக்கலாம். கொஞ்சம்தான். டப்பாவைக் கட்டிப் பிடிச்சா ஒண்ணும் வராது."

போன மாதம் தலைக்கு மேல் தூக்கிய எடை இன்று அவன் முழங்காலைத் தாண்டவில்லை. யாரும் சிரிக்கவில்லை. வைஜெயந்தி கம்பியிலிருந்து பக்கத்துக்கு ஒரு இரும்பு வட்டைக் கழற்றினாள். நானும் உதவப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"இதுலேர்ந்து ஆரம்பி. இருபத்தோரு நாள் இருக்குல்ல?"

அவன் தூக்கினான். அதற்குள் குரு காணாமல் போயிருந்தார். பின்னாலிருந்து ஒருவர் என் காதைக் கடித்தார்: "அண்ணே, அமாவாசை நாளைக்கு முடிஞ்சிடும்ல?"

தூக்காத தசை சுருங்கும் ஐயா. கேள்வி கேட்காத மூளையும் அப்படித்தான்.